சாருமதி கல்யாணத்துக்கு வந்தவர்கள்

“பெரியம்மா, உன் கதையில வர்றவங்க யாருமே சோறு தின்ன மாட்டாங்களா?”

தங்கை மகள் ஒருமுறை இப்படிக் கேட்டது. அப்போது அதற்கு ஏழெட்டு வயது இருக்கும். நீலாவதி அம்மாள் சிரித்து மழுப்பிவிட்டார். வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் தையல் டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் காதல் நாவல் எழுதுவார். அவருடைய காதலர்கள் ஆற்றங்கரையில் சந்திப்பார்கள், பிரிவார்கள், அழுவார்கள், கடைசி அத்தியாயத்தில் மாலை மாற்றிக்கொள்வார்கள். மாலை மாற்றியதும் ‘சுபம்’ போட்டுப் பேனாவை மூடிவிடுவார். கல்யாணம் என்றால் பந்தி என்று ஒன்று உண்டு என்பதை அவர் எந்தக் கதையிலும் எழுதியதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதுபோல ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. இடம், ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூர் தபாலாபீஸ். போஸ்ட்மாஸ்டர் கண்ணாயிரம் போனை எடுத்து, “உங்களுக்குத்தாம்மா” என்று ரிசீவரை நீட்டினார்.

“ஹலோ… ஹலோ… ஆமா, ஆமா, நாந்தாங்க, நீலாவதி பேசறேன். ராஜவேலு தம்பியா? எங்க இருக்கிறீங்க?… கொஞ்சம் சத்தமா பேசுங்க, இங்க மேளம் அடிக்கிறாங்க… எங்க? அமிர்தியா? இன்னும் மலையடிவாரத்துலயா? காலையில எட்டு மணிக்கெல்லாம் மேல வந்துடுவேன்னு சொன்னீங்க, மணி பன்னெண்டாவுது, அங்கயே குந்திக்கினு இன்னா பண்றீங்க?… வேன் நின்னு போச்சா… ஆமா… ஆமா… காட்டிலாகா ஆபீஸ்லேர்ந்து பேசறீங்களா. சரி, போனாச்சும் கெடச்சுதே.”

ராஜவேலு சென்னையில் ‘பன்னீர்ப்பூ மாத நாவல்’ நடத்துகிறவர், பருத்த மனிதர். அம்மாளின் புதுக் கதை இந்த மலையில் முடிகிறது. அதனால் புத்தகத்தையும் இந்த மலையிலேயே வெளியிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அம்மாள் முதல் நாளே பஸ்ஸில் வந்துவிட்டார். புத்தகக் கட்டுகள், சிறப்பு விருந்தினர், வேலூர் வாசகர் வட்டம், அவர்களுக்கு மதியச் சாப்பாடு, இத்தனையும் முதலாளியோடு வேனில் வர வேண்டியவை.

“கூட்டமா? அதப் பத்தித்தான் சொல்ல வர்றேன்… இருக்குது, இருக்குது. பள்ளிக்கூடத்து மைதானம் நெறஞ்சு, மரத்தடி நெறஞ்சு, ரோட்டு மேல வந்து குந்திட்டாங்க… சந்தோசப்படாதீங்க, கொஞ்சம் கேளுங்க… அவங்க வாசகருங்க இல்ல தம்பி… இல்லன்னா இல்லதான். கல்யாணத்துக்கு வந்தவங்க… யாரு கல்யாணமா? கமலக்கண்ணனுக்கும் சாருமதிக்கும்.”

அந்தப் பக்கம் இரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டது.

“ஆமாங்க. நம்ம கமலக்கண்ணன்தான். நம்ம சாருமதிதான். நான் எழுதின புள்ளைங்கதான்.”

எல்லாம் அழைப்பிதழால் வந்தது. விளம்பரத்துக்காக அதைக் கல்யாணப் பத்திரிகையாகவே அடித்திருந்தார் ராஜவேலு. மேலே பிள்ளையார், நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் மணமகன் கமலக்கண்ணன், மணமகள் சாருமதி, முகூர்த்த நேரம், கீழே ‘தங்கள் நல்வரவை நாடும் நீலாவதி’. இது நாவல் வெளியீடு என்பது மட்டும் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. சென்னையில் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

“புதுமதான், யாரு இல்லன்னா? ஆனா உங்க ஆளு இன்னா பண்ணான் தெரியுமா? ஒடுகத்தூர் சந்தைக்குப் புளி விக்க வந்த மலைக்காரங்க கையில பத்திரிகைய வெத்தல பாக்கோட குடுத்திருக்கிறான்… சும்மா நீட்டினா வாங்க மாட்டாங்கன்னு குடுத்தானா? நல்ல ஆளுப்பா. வெத்தல பாக்கு கையில வாங்கிட்டா அப்பால போவாம இருப்பாங்களா? ஊரு ஊருக்கு ஆளனுப்பிச் சொல்லி, பொண்டு புள்ளையோட வந்துட்டாங்க. வெறுங்கையோட இல்ல. சாமை மூட்ட, தேனு, பலாக்கா, ஒரு ஆடு… ஆமா, ஆடு… உயிரோடதான். உங்க பேனர்ல கட்டின காயிதப் பூவுல பாதிய தின்னுடுச்சு. மீதிய பாத்துக்கினு நிக்குது.”

லைனில் யாரோ குறுக்கே வந்தார்கள்.

“யாரும்மா அது?… மூணு நிமிஷம் ஆயிடுச்சா? இன்னொரு மூணு குடு கண்ணு… ஆமா, அதே நீலாவதிதான்… எல்லாத்தையும் படிச்சிருக்கிறியா? ரொம்ப சந்தோசம் தாயி… சாருமதிக்குக் கல்யாணம் ஆவுதா இல்லயான்னா கேக்கற? அதான் கண்ணு இப்ப பேசிக்கினு இருக்கிறோம். நீ லைன வுட்டுட்டுப் போய்ட்டு, மெதுவா வா… ஹலோ, தம்பி, இருக்கிறீங்களா? ஆபரேட்டர் பொண்ணு. நல்ல பொண்ணு.

“… சொன்னேங்க. சொல்லாமயா இருப்பேன்? மைக்கப் புடிச்சு சொன்னேன். இது பொஸ்தகம், அந்தப் புள்ளைங்க காயிதத்துல இருக்குதுங்கன்னு. இங்க ஊர்ப் பெரியவரு கோபால்சாமின்னு ஒருத்தரு. அவரு எழுந்து, ‘பொஸ்தகத்துக்கு இன்னாத்துக்கும்மா முகூர்த்தம்?’ங்கறாரு… சிரிக்காதீங்க. நீங்கதான பத்திரிகை அடிச்சீங்க, பதில் சொல்லுங்க பாக்கலாம்.

“பொம்பளைங்க வேற சுத்திக்கினாங்க. பொண்ணு இன்னா பண்ணும்னு கேட்டாங்க. வீணை வாசிக்கும்னேன். அப்ப சாமை யாரு குத்துவாங்கன்னு கேட்டாங்க. மாப்பிள்ளைக்கு இன்னா வேலைன்னாங்க. யோசிச்சுப் பாத்தா நான் அவனுக்கு வேலையே குடுக்கல தம்பி. எரநூறு பக்கமும் சும்மாவே நிக்கிறான்… நீங்களும் கவனிக்கலயா? அச்சடிக்கற வரைக்கும் ஒருத்தரும் கவனிக்கல. இவங்கதான் கேட்டாங்க.”

ரிசீவரை மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். “பேசிக்கினுதான் இருக்கிறேன் வெள்ளையம்மா. கொஞ்சம் பொறு.” மறுபடி போனில் சொன்னார்: “என் கூட ஒரு அம்மா காவலுக்கு நிக்கிது… கோவமெல்லாம் இல்ல, மரியாதையாதான் வெச்சிருக்கிறாங்க. பத்திரிகையில என் பேருதான இருக்குது, அதனால நாந்தான் பொண்ணப் பெத்தவளாம். தாலி ஏர்ற வரைக்கும் பொண்ணோட அம்மா வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதாம், இங்க வழக்கமாம். காலையிலேர்ந்து பச்சத் தண்ணி இல்ல. போஸ்ட்மாஸ்டர் பாவப்பட்டு டீ ஊத்திக் குடுத்தாரு. இந்த அம்மா அத வாங்கி, அது குடிச்சிடுச்சு.

“… அனுப்பிடறதா? எப்பிடி அனுப்பறது?… கேளுங்க. கல்யாணத்துக்குன்னு வாசப்படி தாண்டின தானியத்தத் திரும்ப வூட்டுக்குள்ள ஏத்த மாட்டாங்களாம். ஏத்தினா அந்த வூட்ல அப்பால கல்யாணமே நடக்காதாம். வயசுப் பொண்ண வெச்சிருக்கிறவங்க எல்லாம் மூட்டைய முன்னால வெச்சிக்கினு மொகம் சுண்டிப் போயி குந்தியிருக்கிறாங்க. மேட்டுலயும் பள்ளத்துலயும் தலையில சுமந்து கொண்டாந்த சாமை. ரோட்ல கொட்டச் சொல்றீங்களா?… மன்னிப்பு கேக்கலாம், நல்லாவே கேக்கலாம். நாம மன்னிப்பு கேட்டா சாமை வூட்டுக்குள்ள ஏறிடுமா தம்பி?”

சுவரில் தொங்கிய காலண்டரில் முருகன் வேலோடு நின்றிருந்தான். அம்மாள் அவனை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“அதுக்குத்தான் ஒரு வழி கெடச்சிருக்குது. முருகன் காட்டின வழி… நீங்க நம்பலன்னா போவுது, காத மட்டும் குடுங்க. இங்க செல்லியம்மாள்னு ஒரு பொண்ணு. பையன் பேரு சின்னதம்பி. பேசி முடிஞ்சு ரெண்டு வருசமா அப்பிடியே நிக்குது… சீர் செனத்தியெல்லாம் இவங்க கேக்கறதில்ல. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ஒரு வேள சோறு போடணும். பையனுக்கு அது முடியல, அவ்ளோதான்… இப்ப சுத்துப்பட்டு ஊரு தானா வந்து குந்தியிருக்குதே. பந்தல் இருக்குது, மேளம் இருக்குது, முகூர்த்தம் மூணு மணி வரைக்கும்னு நீங்களே குறிச்சிருக்கிறீங்க. பொண்ணு கோபால்சாமிக்கு அக்கா மவ. அவரு சரின்னுட்டாரு. பெத்தவ எடத்துல நான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன், அதுக்கு அம்மா இல்ல. மஞ்ச பூசிக்கினு இருக்கிறாங்க.

“… இன்னா கொறையா? சோறுதான் கொற… அந்த சாமையத் தொட மாட்டாங்க தம்பி. அது பொண்ணும் மாப்பிள்ளையும் குடித்தனம் வைக்கறதுக்கு. வந்தவங்க கொண்டாந்தத வந்தவங்களுக்கே ஆக்கிப் போட்டா அது இன்னா கல்யாணம்? கூப்பிட்டவங்கதான் போடணும். கூப்பிட்டது யாரு?… நாமதான.

“உங்க வேன்ல இருக்குது இல்ல? சாம்பார் சாதம், புளி சாதம், கேசரி… நூறு பேருக்கு செஞ்சதுன்னா இன்னா, எல போட்டு ஆளுக்கு ஒரு கை வெச்சா பந்தி பந்திதான். புளி ஏத்த காலி லாரிங்க மேல வந்துக்கினே இருக்குது. ஒண்ண நிறுத்தி அண்டாவெல்லாம் ஏத்தி வுடுங்க… சிறப்பு விருந்தினரா? யாரு, அந்த ரிடையர்டு தாசில்தாரா? அவரு அமிர்தியில பன்னு வாங்கித் தின்னட்டும். ஆம்பூர்ல என் கதையப் படிக்காமலே முக்கா மணி நேரம் புகழ்ந்தாரே, அதுக்குப் பன்னே ஜாஸ்தி.”

இதுவரை பேச்சு சிரிப்பும் கிண்டலுமாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் குரல் விறுவிறுப்பாக எதையோ சொல்லிக்கொண்டே போயிற்று. ராஜவேலுவுக்கு யோசனை வந்துவிட்டால் அப்படித்தான்.

“ம்… ம்… ஆமா… போட்டோவா… தாலி கட்டற நேரத்துலயா?… பொண்ணு கையில பொஸ்தகத்தக் குடுத்தா?… அட்டப் படமா… ‘நிஜமாகவே நடந்த கமலக்கண்ணன் கல்யாணம்’னு… ம்.”

அம்மாள் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“தம்பி, அது வேணாம்.

“… விக்கும். நல்லாவே விக்கும். தெரியுது… உங்க விளம்பரத்துக்கு நான் எப்பவாச்சும் மாட்டேன்னு சொல்லியிருக்கிறனா? ஆம்பூர்ல குதுர வண்டியில ஏத்தி ஊர்வலம் வுட்டீங்க, குந்திக்கினு போனேன். ஆரணியில பட்டுப் பொடவ கட்டி, மாடிப்படியில கன்னத்துல கை வெச்சிக்கினு நிக்க சொன்னீங்க. இந்த வயசுல நின்னேன். ஒரே பொன்னாடைய ஊர் ஊரா போத்தி, கூட்டம் கலைஞ்சதும் மடிச்சுப் பையில வெச்சிக்கினு போனீங்க. திருப்பத்தூர்ல போத்தறப்ப அதுல முந்தின ஊரு ரசம் ஒட்டியிருந்துது. கும்புட்டுட்டு சும்மாதான் இருந்தேன்… அது வேற தம்பி. நான் எழுதறவ. என்னக் காட்டி வித்துக்கோங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. அந்தப் பொண்ணு நம்ம பொஸ்தகம் விக்கறதுக்காகத் தாலி கட்டிக்கல.

“… அப்பன்னா?… அப்பன்னா சோறு வராதா?”

ஜன்னல் வழியாகப் பார்த்தார். மைதானத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. விருந்து போன் பேச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணாயிரமே போய்ச் சொல்லியிருந்தார். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் தபாலாபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே முகம் முழுக்க மஞ்சளோடு செல்லியம்மாள், நிமிர்ந்து பார்க்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்றைக்கு ஆசை காட்டிவிட்டார்கள். இனி இல்லை என்று சொன்னால், மஞ்சளைக் கழுவிக்கொண்டு இத்தனை பேர் முன்னால் எழுந்து போக வேண்டும்.

“… உங்க நட்டம் புரியுது… புரியுதுங்க… சரி, நான் ஒண்ணு சொல்றேன். மதுரைக்கு வர மாட்டேன்னு சொன்னேன் இல்ல, வர்றேன். திருச்சிக்கு வர்றேன். நீங்க எங்க மேடை போட்டாலும் வர்றேன். குதுர வண்டியிலயும் ஏர்றேன்… அதுவும் போதாதா.”

சண்டைக்கு நடுவிலும் எதிராளி சாப்பிட்டானா என்று கேட்காமல் இருக்க முடியாதது அம்மாளின் சுபாவம்.

“சரி, பேஜார் வேணாம். நீங்க நாஷ்டா பண்ணீங்களா?… இன்னும் இல்லயா? ஏன் தம்பி… வேன் எங்க நின்னுச்சு?… அடப் பாவமே, ஓடைக்கு அந்தாண்டையா? அங்கேர்ந்து எப்பிடி அமிர்திக்கு வந்தீங்க?… தள்ளிக்கினா? யாரு, தாசில்தாரா தள்ளினாரு?… மலைக்காரங்களா… அஞ்சாறு பேரு… கண்ணமங்கலத்துல புளி போட்டுட்டு வந்தவங்களா. ஆமா… ஆமா… அந்த மேட்டுலயுமா? வேன் நெறைய ஆளு வேற… எறங்கலயா நீங்க யாரும்? நல்லா இருக்குது… டீ வாங்கித் தரேன்னு சொல்லியும் நிக்கலயா? கையும் நீட்டலயா?… ஏனாம்?… இன்னா சொன்னாங்க?”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“திரும்பச் சொல்லுங்க தம்பி… கல்யாணத்துக்கு நேரமாவுதுன்னாங்களா.

“… எந்தக் கல்யாணம்னு கேட்டீங்களா?… கேக்கலயா… இன்னிக்கு இந்தப் பக்கத்துல வேற கல்யாணம் ஒண்ணும் இல்ல தம்பி… ஆமா. ஆமாங்க. உங்க பத்திரிகைதான்.

“… இன்னா? பச்சத் துண்டா?… வேன் கதவு பட்டு முழங்கையில செராய்ச்சிக்கினாரா?… இருங்க, இருங்க.”

அம்மாள் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சின்னதம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பச்சைத் துண்டு தோளில் கிடந்தது. உள்ளங்கைக் கறை போகாமல் மண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அவருதான் மாப்பிள்ளை.

“… ஆமா. அவரேதான்… எல்லாருக்கும் கடைசியா லாரியில வந்து சேர்ந்தாருன்னு கோபால்சாமிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினாரு. வழியில ஒரு வேலன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கு தனக்குத்தான் கல்யாணம்னு அவருக்கு இங்க வந்த பொறவுதான் தெரியும்… கிரீஸ் இன்னும் போவல. தேய்ச்சிக்கினு இருக்கிறாரு.”

வேறொருவராக இருந்தால் இந்த நேரம் பார்த்து நாலு நியாயம் சொல்லியிருப்பார். ஒரு மனம் தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடித்துத் திருப்பக் கூடாது என்று அம்மாள் காத்திருந்தார். வெளியே மேளக்காரர்கள் ஏதோ ஒரு அடியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்கள்.

“… ம்… ம்… எல்லாத்தையுமா?… கேசரியுமா… வாழ எலை கட்டும் இருக்குதா. நல்லதாப் போச்சு… லாரி வாசல்லயே ஒண்ணு நிக்குதா? அப்ப இன்னா, ரெண்டரைக்குள்ள வந்துடும்… சரி… சரி… போட்டோ?… வேணாமா. சரிங்க தம்பி.

“வெள்ளையம்மா, ஓடு. சோறு வருதுன்னு சொல்லு. எலை போட ஆள நிறுத்து.”

வெள்ளையம்மாள் காவலை விட்டு ஓடினாள். அவள் பின்னாலேயே கண்ணாயிரமும் போனார். மைதானத்தில் எழுந்த சத்தத்தில் சிறிது நேரம் போனில் ஒன்றும் கேட்கவில்லை.

“… ஹலோ, கேட்டீங்களா? அந்தச் சத்தம் சோத்துக்குத்தான். ஆம்பூர்ல எனக்கு இதுல பாதிகூட கை தட்டல… நீங்களும் லாரியிலயே ஏறி வந்துடுங்க. வந்து வாழ்த்திட்டுப் போங்க… ஏன்?… மூஞ்சி தெரிஞ்சுடுமா… ஆமா. அதுவும் சரிதான். வேன்காரருதான் சோறு போட்டாருன்னு தெரிஞ்சா, தள்ளினதுக்குக் கூலின்னு மாப்பிள்ளை நெனச்சிக்குவாரு. எலையில கைய வைக்க மாட்டாரு… ஆமா… பொண்ணூட்டு சோறுன்னே இருக்கட்டும். நாந்தான பொண்ணூட்டுக்காரி… யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எந்தங்கச்சிகிட்டகூட சொல்ல மாட்டேன்… சத்தியமெல்லாம் எதுக்கு, சொல்ல மாட்டேன்னா மாட்டேன்… கதையிலயா?”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

“கதையிலயும் எழுத மாட்டேன். போங்க.

“… ஹலோ?… தம்பி?… ஹலோ.”

ராஜவேலு போனை வைக்கவில்லை, மேசை மேல் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. தூரத்தில் சத்தங்கள் கேட்டன. லாரியின் பின்கதவு விழுந்தது. அண்டா ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு ஒரு பெருமூச்சு, சுமை தூக்கிப் பழகாத பருத்த உடம்பின் மூச்சு. ஒரு மூடி கழன்று விழுந்து உருண்டது. அதை எடுக்கப் போன காலடிகள் திரும்பி வந்தன. மறுபடி இழுபடும் சத்தம், மறுபடி அதே மூச்சு. யாரையும் துணைக்குக் கூப்பிடும் குரல் கேட்கவில்லை.

தபாலாபீஸில் அம்மாளைத் தவிர ஒருவரும் இல்லை. அடுத்த அண்டாவின் சத்தம் தொடங்கியபோது, இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது முறையில்லை என்று அவருக்குப் பட்டது. ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தார்.